பர்மா நடையை எழுதலாமா?

கேள்வி: 1942இல் பர்மாவிலிருந்து நடந்தே ஊர் வந்து சேர்ந்தவர் என் தாத்தா. அதைப் பற்றி வாயே திறக்காமல் போய்விட்டார். அதற்குப் பிறகு பிறந்த என் அப்பா, இன்றும் ஒரு வேட்டி சட்டை, டார்ச் லைட், ரேஷன் கார்டு எல்லாவற்றையும் மஞ்சள் பையில் போட்டுத் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் தூங்குகிறார். குடும்பக் கதையை எழுத ஆசை. ‘செத்தவங்களை எதுக்குக் கிளர்றே?’ என்கிறார். எழுதலாமா? எழுதினால் மனம் ஆறுமா?
- பெயர் வேண்டாம் என்ற வாசகி

பதில்: எழுதுங்கள். ஆனால் தாத்தாவிடமிருந்து ஆரம்பிக்காதீர்கள், அந்த மஞ்சள் பையிலிருந்து ஆரம்பியுங்கள். நீங்கள் கண்ணால் பார்த்தது அதுதான்.

எங்கள் வீட்டிலும் ஒரு பர்மா நடை உண்டு. 1941 டிசம்பர் 23 அன்று ரங்கூனில் ஜப்பான் குண்டு போட்டதும் லட்சக்கணக்கான இந்தியர்கள் கிளம்பினார்களே, அதில் என் அம்மாச்சியும் ஒருவர். அப்போது ஒன்பது வயது. புரோம் என்ற ஊரிலிருந்து மலையேறி, அரக்கான் கடற்கரையில் இருக்கும் டவுங்கூப்புக்குப் போகும் பாதை. வழியில் நல்ல தண்ணீர் கிடையாது, கூடவே காலரா. பிற்காலத்தில் அம்மாச்சி படுக்கப் போகும் முன் குடம், அண்டா, செம்பு என எல்லாவற்றையும் நிரப்பி வைப்பார். போரையே பார்க்காத அம்மாவும் நிரப்பினார். எந்நேரமும் குழாயில் தண்ணீர் வரும் ஃபிளாட்டில் இருந்துகொண்டு நானும் தினம் ஆறு பாட்டில் நிரப்பி வைத்துவிட்டுத்தான் படுப்பேன். ஏன் என்று பல வருஷம் எனக்கே தெரியாது.

கல்லூரி நாளில் டேப் ரெக்கார்டரை அம்மாச்சி முன்னால் வைத்து, “எத்தனை பேர் செத்தாங்க?” என்று கேட்டேன். எழுந்து போய் மாவாட்ட உட்கார்ந்துவிட்டார். ரெக்கார்டரில் ஆட்டுக்கல் சத்தம்தான் பதிவானது. அப்புறம் ஒருநாள் பேச்சுவாக்கில், “கால்ல செருப்பு இருந்துச்சா அம்மாச்சி?” என்றேன். “செருப்பா? சேலையைக் கிழிச்சுக் கட்டிவிட்டாங்க எங்கம்மா. தம்பி என் இடுப்புல இருந்தான். படகு ஏறும்போது இடுப்பு சும்மா இருந்துச்சு” என்றார். அவ்வளவுதான். மேற்கொண்டு நான் கேட்கவில்லை. அந்த மூன்று வாக்கியத்தை அப்படியே எழுதினேன், நடுவில் ஒரு வரிகூடச் சேர்க்கவில்லை.

தாத்தா சொல்லாததை நீங்களாக இட்டு நிரப்பாதீர்கள். ஆர்ட் ஸ்பீகல்மேன் தன் பெற்றோரைப் பற்றி வரைந்த ‘மவுஸ்’ என்ற படக்கதை நூலைப் பாருங்கள். ஆஷ்விட்ஸ் என்ற நாஜி வதைமுகாமிலிருந்து பிழைத்து வந்த அம்மாவின் டைரிகளை, அவர் இறந்த பிறகு அப்பா எரித்துவிடுகிறார். மகன் அந்த டைரியைக் கற்பனையாக எழுதவில்லை; எரித்ததைத்தான் வரைந்து வைத்தார்.

இன்னொன்று. 1942இல் நடந்து வந்தவர்களையும், 1964இல் கடைகளைப் பர்மா அரசு எடுத்துக்கொண்ட பிறகு கப்பலில் வந்தவர்களையும் பலர் ஒன்றாகக் குழப்புவார்கள். தாத்தா எந்த ஊரிலிருந்து கிளம்பினார் என்று மட்டும் அப்பாவிடம் கேளுங்கள். ஊர் தெரிந்தால் அரக்கான் கடற்கரைப் பக்கமா, எல்லை ஊரான தமு வழியாக மணிப்பூரின் இம்பாலுக்கா என்று பாதையை ஓரளவு ஊகிக்கலாம். எழுதியதை அச்சுக்குக் கொடுக்கும் முன் அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். எடுக்கச் சொன்னால் எடுத்துவிடுங்கள், அது அவர் அப்பாவும்தானே.

மனம் ஆறுமா? என் விஷயத்தில், ஆறு பாட்டில் இப்போது நாலாகியிருக்கிறது.