“பரவால்ல டாக்டர்”

கேள்வி: அப்பாவுக்கு 61 வயது. கன்னத்தில் புற்றுநோய், ஆபரேஷன் முடிந்து பாளையங்கோட்டையில் கரண்ட் (கதிர்வீச்சு சிகிச்சை) வைக்கிறார்கள். 30ல் 17 முடிந்திருக்கிறது. வாயெல்லாம் புண், கஞ்சிகூட இறங்கவில்லை, 5 கிலோ குறைந்துவிட்டார். “போதும், நிறுத்திருவோம்” என்கிறார். அம்மா பயந்துபோய்ப் பேரனைப் பக்கத்திலேயே விடுவதில்லை. நிறுத்திவிடலாமா?
– ஒரு வாசகி, கல்லிடைக்குறிச்சி

பதில்: நிறுத்த வேண்டாம் தங்கச்சி. நடுவில் நாள் விட்டால் தப்பிக் கிடக்கிற புற்று செல்கள் மறுபடி பெருக ஆரம்பித்துவிடும், இதுவரை பட்டதெல்லாம் வீண். வாரத்துக்கு 5 நாள் கணக்கில் இது நாலாவது வாரம், புண் முற்றுகிற நேரம்தான். முடிந்த பிறகும் ஒன்றிரண்டு வாரம் படுத்திவிட்டுத்தான் ஆறத் தொடங்கும், இதை இப்போதே அப்பாவிடம் சொல்லிவிடுங்கள்.

அதற்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்கட்டும் என்று சொல்ல மாட்டேன், கடிக்கிற நிலையிலா இருக்கிறது அந்த வாய்?

என் பெரியப்பாவுக்குத் தொண்டையில் கரண்ட் வைத்தபோது வாராவாரம் டாக்டர் “எப்படி இருக்கீங்க” என்பார், இவர் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு “பரவால்ல டாக்டர்” என்று கும்பிட்டுவிட்டு வந்துவிடுவார். வீட்டுக்கு வந்தால் எச்சில் விழுங்க முடியாமல் ராத்திரி முழுக்கச் சொம்பில் துப்பிக்கொண்டிருப்பார். எங்களுக்கும் விவரம் பத்தவில்லை, மூன்று வாரம் இப்படியே ஓடியது. கடைசியில் பெரியம்மா அந்தச் சொம்பைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போய் டாக்டர் மேசைமேல் வைத்தாள். அன்றைக்குத்தான் வலி மருந்து மாறியது.

உங்கள் வீட்டிலும் இதுதான் நடக்கிறது என்று நினைக்கிறேன். அடுத்த தடவை நீங்களும் உள்ளே போங்கள். எத்தனை கரண்டி இறங்கியது, எத்தனை மணி நேரம் தூங்கினார், எடை எவ்வளவு என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு போய், சாப்பாட்டுக்கு முன்னால் வாய் மரத்துப்போக மருந்து உண்டா என்று கேளுங்கள். அது போதாவிட்டால் மார்பின் என்கிற பலமான வலி மருந்து தரலாம். மார்பின் என்றாலே கடைசிக் கட்டம் என்று நம் பக்கம் ஒரு பேச்சு இருக்கிறது, நம்பாதீர்கள், புண் ஆறினதும் குறைத்து நிறுத்திவிடுவார்கள். சாப்பாடு இறங்க மூக்கில் ட்யூப் என்றாலும் அப்படித்தான், கொஞ்ச நாளைக்கு.

வெறும் அரிசிக் கஞ்சியில் என்ன இருக்கிறது? உளுந்தங்கஞ்சி கொடுங்கள். தேங்காய்ப்பால் சொதியை இஞ்சி, பச்சை மிளகாய், எலுமிச்சை இல்லாமல் வைத்து (அது சொதியா என்று சண்டைக்கு வருவார்கள், வரட்டும்) குழைந்த சோற்றை அதில் மசித்து, ஆறவைத்து, வலி மருந்து வேலை செய்ய ஆரம்பித்த பிறகு கொடுங்கள். ருசியே தெரியவில்லை என்பார், அது உங்கள் கைப்பக்குவத்தின் குறை இல்லை. ஒரு லிட்டர் ஆறின தண்ணீரில் ஒரு டீஸ்பூன் உப்பு, ஒரு டீஸ்பூன் ஆப்பச்சோடா கலந்து அடிக்கடி கொப்பளிக்கட்டும். கழுத்தில் தோல் கறுத்தால் மஞ்சள், எண்ணெய் எதுவும் தடவ வேண்டாம். வெற்றிலை, புகையிலையைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம்.

பஸ்ஸில்தான் போய்வருகிறார் என்றால் ரயிலையும் யோசியுங்கள், புற்றுநோயாளிக்கும் கூடப் போகிறவருக்கும் கட்டணச் சலுகை உண்டு, அதற்கான சான்றை ஆஸ்பத்திரியில் வாங்கலாம்.

அப்புறம் பேரன். வெளியே இருந்து மெஷினில் வைக்கிற கரண்ட் உடம்பில் தங்காது, அடுத்தவருக்கு ஒட்டாது, மடியில் படுத்துத் தூங்கினாலும் ஒன்றும் ஆகாது என்று அம்மாவிடம் சொல்லுங்கள். தாடை இறுகாமல் இருக்க ஐஸ் குச்சிகளை அடுக்கிப் பல்லுக்கிடையில் வைத்து வாய் திறக்கிற பயிற்சி ஒன்று உண்டு, இன்னும் சொல்லித் தரவில்லை என்றால் கேட்டு வாங்குங்கள். நேற்றைக்கு எத்தனை குச்சி, இன்றைக்கு எத்தனை குச்சி என்று எண்ணுகிற வேலையைப் பேரனிடமே கொடுத்துவிடுங்கள்.