டுரியான் பூவும் வௌவாலும் – கடிதம்

வணக்கம் ஐயா,

பினாங்கு பாலிக் புலாவிலிருந்து எழுதுகிறேன். பெரியப்பா ஒரு டுரியான் தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்திருக்கிறார். விடுமுறையில் நானும் போய்க் கூடமாட வேலை செய்வேன். இந்த முறை நல்ல பூ. ஆனால் காலையில் பார்த்தால் மரத்தடியெல்லாம் பூ கொட்டிக் கிடக்கிறது. இரவில் வரும் வௌவால்கள்தான் கடித்துப் போடுகின்றன என்கிறார் பெரியப்பா. மரங்களுக்கு வலை கட்டப்போகிறாராம். இயற்கையில் உயிர்கள் ஒன்றுக்கொன்று உதவி வாழ்கின்றன என்று நீங்கள் எழுதியதைப் படித்திருக்கிறேன். இந்த வௌவால் யாருக்கு உதவுகிறது?

க.

அன்புள்ள தம்பி,

முதலில் வலையை நிறுத்தச் சொல்லுங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

நாளைக் காலையில் மரத்தடியில் கிடப்பதில் ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். இதழ்களும் மகரந்தத் தாள்களும் ஒரே வளையமாகக் கழன்று வந்திருக்கும். நடுவில் ஒன்றும் இருக்காது. நடுவில் இருந்த சூலகம் மேலே கிளையிலேயே, தலை பருத்த குண்டூசி மாதிரி தொங்கிக்கொண்டிருக்கும். காயாக வேண்டியது அதுதான். டுரியான் பூவின் ஆயுள் ஓர் இரவு. சாயங்காலம் விரியும், விடிவதற்குள் வேலை முடிந்து மற்றதை உதிர்த்துவிடும். பெரியப்பா பார்ப்பது சேதம் இல்லை.

உலு லங்காட்டில் ஒரு நண்பரின் தோட்டத்தில் இதைப் பார்க்கவென்றே ஓர் இரவு உட்கார்ந்திருந்தேன். வெயில் தாழும்போதே மொட்டுகள் வெடிக்கத் தொடங்கின. புளித்த பால் வாடை. இலை மறைக்காத தடித்த கிளைகளின் அடியில் வெளிறிய பூக்கள் கொத்துக் கொத்தாகத் தொங்கின. இருட்டியதும் வந்தன. ஒரு பூக்கொத்தைப் பற்றி, தலையை உள்ளே நுழைத்து, நீள நாக்கால் தேனை நக்கிவிட்டு, ஒன்றிரண்டு விநாடிக்குள் அடுத்த கொத்துக்குப் போய்விடும். டார்ச் வெளிச்சத்தில் ஒன்றின் முகமெல்லாம் மகரந்தப் பொடி. பெரும்பாலான டுரியான் வகைகளுக்குத் தன் மரத்து மகரந்தம் ஒத்துக்கொள்ளாது, வேறு மரத்திலிருந்து வர வேண்டும். அந்தப் பொடிதான் காய். தாய்லாந்தில் சில தோட்டங்களில் இரவில் மரமேறித் தூரிகையால் மகரந்தம் தடவுகிறார்கள். உங்கள் தோட்டத்தில் அந்த வேலை கூலியில்லாமல் நடக்கிறது.

இன்னும் பெரிய வௌவாலான கெலுவாங் மீதும் இதே பழி உண்டு. தியோமான் தீவில் டுரியான் மரங்களில் கேமரா கட்டிப் பார்த்த ஆய்வு 2017-இல் வெளிவந்தது. கெலுவாங் பூவைச் சேதப்படுத்தாமல் தேன் குடித்துப் போனதும், அந்தப் பூக்கள் காய் பிடித்ததும் அதில் பதிவாகியிருக்கின்றன.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். ‘உதவி’ என்று நான் எழுதியிருந்தால் அது தவறான சொல். வௌவாலுக்கு டுரியான் மேல் எந்த அக்கறையும் இல்லை. அதற்குத் தேன் வேண்டும், மேலில் ஒட்டிய மகரந்தத்தையும் நக்கித் தின்னும், அதில்தான் புரதம் இருக்கிறது. மரத்துக்கும் வௌவால் மேல் பாசமில்லை. இரண்டும் தன்தன் பிழைப்பைப் பார்த்துப் பார்த்து, பூ இரவில் விரிவதாகவும் நாக்கு நீண்டதாகவும் ஆகிவிட்டன.

ஆனால் எனக்கு இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. உங்கள் டுரியான் வருஷத்தில் சில வாரங்கள்தான் பூக்கும். மற்ற நாளெல்லாம் அந்த வௌவால் எதைத் தின்னும்?

தைப்பூசத்துக்குப் பத்துமலைப் படியேறும்போது பக்கவாட்டில் பிரியும் இருட்டுக் குகையைப் பார்த்திருப்பீர்கள். டுரியானுக்கு வரும் தேன் வௌவால் அங்கே கூட்டமாகத் தங்குகிறது. (கண்ணை நம்பிப் பறக்கும் இனம்தான், ஆனால் கும்மிருட்டில் சிறகால் ‘டிக் டிக்’ என்று ஓசை எழுப்பி வழி அறிகிறது என்று 2014-இல் கண்டுபிடித்தார்கள். எனக்கு இன்னும் வியப்பு தீரவில்லை.) அதன் எச்சத்தை ஆராய்ந்தபோது 50-க்கும் மேற்பட்ட செடிகொடிகளின் தடயம் கிடைத்தது. வாழை, பெத்தாய் என்னும் அவரை வகை மரம், இலவம் எல்லாவற்றுக்கும் போகும். கடலோரச் சதுப்பில் வளரும் பெரெப்பாட் மரத்தைத் தேடி அது 38 கிலோமீட்டர் வரை பறப்பதை 1970-களிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். பெரெப்பாட் வருஷம் முழுக்கப் பூக்கும். கோலசிலாங்கூரில் படகேறி மின்மினி பார்க்கிறோமே, அந்த பெரெம்பாங் மரம் இதற்குச் சொந்தக்கார இனம். அதன் பூவுக்கும் வௌவால் வரும்.

ஆகவே உங்கள் மலைத்தோட்டத்துக் காய்க்கு, எங்கோ ஒரு சேற்றுக்கரை மரம் ஆண்டு முழுக்கச் சோறு போட்டுக்கொண்டிருக்கிறது. அந்த மரத்துக்கு டுரியானைத் தெரியாது. கடலோரத்தை அழித்து இறால் குளம் வெட்டும்போதும், வௌவால் தங்கும் குகையுள்ள சுண்ணாம்புக் குன்றைக் கல்லுக்காக உடைக்கும்போதும், டுரியான் தோட்டக்காரர் யாரும் போய்க் கேட்பதில்லை. அது தங்கள் விஷயம் என்றே அவர்களுக்குத் தோன்றுவதில்லை. எனக்கு இதுதான் வருத்தம். பாலிக் புலாவில் சேற்றுக்கரை உங்கள் கண்ணெதிரிலேயே இருக்கிறது, தம்பி. ஒரு நாள் பெரியப்பாவை அங்கே கூட்டிப் போங்கள்.

அதற்கு முன்னால் அந்தக் குண்டூசியைக் கிளையில் காட்டுங்கள். அப்புறம், அடுத்த பூவுக்கு நான் ஓர் இரவு வந்து உட்காரலாமா என்று அவரிடம் கேட்டுச் சொல்லுங்கள்.