திறக்க மறுக்கும் பழைய பெட்டிகள்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி (தேவகோட்டை வாசகர்): எங்கள் ஐயா ரங்கூனிலிருந்து எழுதிய கடிதங்களையும், குடும்பத்தின் இசைகுடிமான (திருமணப் பதிவு) ஏடுகளையும் 2011-ஆம் ஆண்டில் ஸ்கேன் செய்து, வீட்டு நெட்வொர்க்கில் இணைக்கும் ஒரு சேமிப்புப் பெட்டியில் வைத்தோம். மூன்று ஆண்டு இடைவெளிக்குப் பிறகு இப்போது, தம்பி மகன் திருமணத்துக்காக ஊருக்கு வந்து அதை இயக்கினால் விளக்கு எரிகிறது. ஆனால் புதிய லேப்டாப்பில் அதன் முகவரியைத் தட்டினால், பாதுகாப்பான இணைப்பை வழங்க இயலவில்லை என்று பிரவுசர் நின்றுவிடுகிறது. பெட்டி கெட்டுவிட்டது, ஹார்டு டிஸ்கைக் கழற்றிக் கொடுங்கள் என்கிறார் கடைக்காரர். கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம் ஐயா. இப்போதைக்கு அந்தப் பெட்டியின் ஒரு திருகைக்கூடக் கழற்ற விடாதீர்கள். இத்தகைய பெட்டிகள் பெரும்பாலும் லினக்ஸ் முறையில்தான் டிஸ்கில் எழுதுகின்றன. அதைக் கழற்றி விண்டோஸ் கணினியில் செருகினால், உள்ளே கடிதங்கள் அத்தனையும் பத்திரமாக இருக்கும்போதே, டிஸ்கைப் பயன்படுத்துவதற்கு முன் ஃபார்மேட் செய்ய வேண்டும் என்று திரையில் ஒரு கேள்வி வரலாம். யாராவது அவசரத்தில் அதற்குச் சம்மதம் அழுத்திவிட்டால், ஐயாவின் கையெழுத்தை மீட்பது பெரும்பாடாகிவிடும்.

உங்கள் பெட்டி கெட்டுப்போகவில்லை என்பதற்கு அந்தப் பிழைச் செய்தியே சாட்சி. பெட்டி செத்திருந்தால், பதில் வரவில்லை என்று பிரவுசர் காத்துக் காத்து ஓய்ந்திருக்கும். பாதுகாப்பான இணைப்பு கிடைக்கவில்லை என்று சொன்னால், பெட்டி பேச வந்தது, பேசிய முறையைத்தான் பிரவுசர் ஏற்கவில்லை என்று பொருள். இருவருக்கும் இடையே போகும் செய்திகளை மறைத்து அனுப்பும் முறைக்கு டிஎல்எஸ் என்று பெயர். அதன் 1.0 பதிப்பு 1999-இலும், 1.1 பதிப்பு 2006-இலும், 1.2 பதிப்பு 2008-இலும் வந்தன. உங்கள் பெட்டியின் காலத்தில் செய்யப்பட்ட பல கருவிகளுக்கு 1.0 ஒன்றுதான் தெரியும். பழைய பதிப்புகளில் ஓட்டைகள் இருப்பது தெரிந்ததால், 2020-இல் குரோம், ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரி, எட்ஜ் ஆகிய நான்கும் 1.0, 1.1 இரண்டையும் ஏற்பதை நிறுத்தத் தொடங்கின. வங்கிக் கணக்கைத் திறக்கும் அதே பிரவுசரில்தான் நாம் இந்தப் பெட்டியையும் திறக்கிறோம் என்பதால், அந்த முடிவு சரியானது என்றே நான் கருதுகிறேன்.

இங்கே ஒரு வேறுபாட்டைப் பொறுமையாகப் பார்க்க வேண்டும். பிரவுசர் காட்டும் தடைகள் இரண்டு வகைப்படும். தான் யார் என்று எதிர்முனை காட்டும் சான்றிதழை நம்ப இயலவில்லை என்பது ஒரு வகை. 192.168 என்று தொடங்கும் வீட்டு முகவரிகளுக்கு வெளி நிறுவனங்கள் சான்றிதழ் தருவதில்லை. ஆகவே பெட்டி தனக்குத் தானே எழுதிக்கொண்ட சான்றிதழைக் காட்டுகிறது, பிரவுசர் எச்சரிக்கிறது. உங்கள் கண்ணெதிரே கேபிளில் இணைந்திருக்கும் உங்கள் சொந்தப் பெட்டி என்றால், 'அட்வான்ஸ்டு' பொத்தானை அழுத்தி அதைக் கடந்து செல்லலாம். இதே எச்சரிக்கை ஒரு வங்கியின் தளத்தில் வந்தால் ஒருபோதும் கடக்கக் கூடாது. மற்றொரு வகையில் கடந்து செல்லும் பொத்தானே இருக்காது. அடியில் சிறிய எழுத்தில் 'வெர்ஷன் ஆர் சைஃபர் மிஸ்மேட்ச்' என்றோ 'அன்சப்போர்ட்டட் வெர்ஷன்' என்றோ இருக்கும். உங்களுக்கு வந்திருப்பது இந்த வகையாகத்தான் தோன்றுகிறது.

இதற்கு வழி, அன்றாடம் பயன்படுத்தும் பிரவுசரைத் தளர்த்தாமல், இந்த ஒரு வேலைக்கென்று தனியாக ஒன்றை வைத்துக்கொள்வதுதான். ஃபயர்ஃபாக்ஸில் தனித்தனிப் புரொஃபைல்களை உருவாக்கும் வசதி உண்டு. புதிதாக ஒன்றை உருவாக்கி, 'பெட்டிக்கு மட்டும்' என்று பெயரிடுங்கள். அதன் முகவரிப் பட்டையில் 'அபவுட்', 'கான்ஃபிக்' என்னும் இரு ஆங்கிலச் சொற்களையும் நடுவில் ஒரு முக்காற்புள்ளியுடன் இடைவெளியின்றித் தட்டினால் உள்ளமைப்புப் பட்டியல் திறக்கும். அதில் 'செக்யூரிட்டி டிஎல்எஸ் வெர்ஷன் மின்' என்ற வரியைத் தேடுங்கள். சொற்களுக்கு இடையே புள்ளிகள் இருக்கும். அங்கே 3 என்று இருப்பதை 1 என்று மாற்றினால், 1.0 பதிப்பையும் அந்தப் புரொஃபைல் ஏற்கும். அதில் வேறெந்தத் தளத்தையும் திறக்காதீர்கள், எந்தப் பாஸ்வேர்டையும் சேமிக்காதீர்கள். 1.0-க்கும் முந்தைய எஸ்எஸ்எல் முறை மட்டுமே தெரிந்த பெட்டி என்றால் இந்த வழி உதவாது.

இதைச் செய்யும்போது லேப்டாப்பின் வைஃபையை அணைத்துவிட்டு, பெட்டியையும் லேப்டாப்பையும் ஒரே கேபிளால் நேராக இணைப்பது எல்லாவற்றிலும் நல்லது. பெட்டியின் முகவரி 192.168.1.10 என்றால், லேப்டாப்புக்கு 192.168.1.50 என்றும், சப்நெட் மாஸ்க் 255.255.255.0 என்றும் கையால் கொடுங்கள். உள்ளே நுழைந்ததும், கோப்புகளை அனுப்பும் பழைய முறையான எஃப்டிபி வசதி இருக்கிறதா என்று பார்த்து அதை இயக்குங்கள். பிரவுசர்கள் 2021-இல் எஃப்டிபியையும் கைவிட்டுவிட்டதால், ஃபைல்ஸில்லா போன்ற தனி மென்பொருள் வழியாகக் கோப்புகளை எடுங்கள். எஃப்டிபி இல்லாவிட்டால், விண்டோஸ் ஃபீச்சர்ஸ் பட்டியலில் எஸ்எம்பி 1.0 கிளையண்ட் (பழைய கோப்புப் பகிர்வு முறை) என்பதை மட்டும் தேர்வு செய்து, நகலெடுத்து முடித்த அன்றே நீக்கிவிட வேண்டும். 2017 மே மாதத்தில் உலகெங்கும் கணினிகளை முடக்கிய வான்னாகிரை என்னும் தீநிரல் பரவியது அந்தப் பழைய முறையின் ஓட்டை வழியாகத்தான். கோப்புகளை இரண்டு புதிய டிஸ்குகளில் எடுத்து, ஒன்றை ஊரிலும் ஒன்றை வெளியூரிலும் வையுங்கள். பத்து ஆண்டுகளைத் தாண்டிய டிஸ்கைப் பொறுத்தவரை எனக்குள்ள கவலை பிரவுசர் அல்ல, அதன் வயதுதான்.

கேள்வி (கானாடுகாத்தான் வாசகர்): வீட்டின் முகப்பிலும் வளவிலும் (முற்றத்தைச் சுற்றிய பகுதி) பொருத்திய கேமராக்களின் படங்களைப் பதியும் டிவிஆர் பெட்டி 2013-இல் வாங்கியது. பிரவுசரில் உள்நுழையும் பக்கம் வருகிறது. நுழைந்த பிறகு பிளக்-இன் நிறுவச் சொல்கிறது, நிறுவினாலும் படம் கறுப்பாகவே இருக்கிறது.

பதில்: உங்கள் டிவிஆர் எதிர்பார்ப்பது ஆக்டிவ்எக்ஸ் என்னும் துணை நிரல். அது இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் மட்டுமே இயங்கும். அந்தப் பிரவுசருக்கு மைக்ரோசாஃப்ட் 2022 ஜூன் 15-இல் விடைகொடுத்துவிட்டது. ஆனால் எட்ஜுக்குள் அதன் இயக்கத்தை ஒரு தனிப் பயன்முறையாக 2029 வரையாவது வைத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறது. எட்ஜின் செட்டிங்ஸில், டிஃபால்ட் பிரவுசர் பகுதியில், இன்டர்நெட் எக்ஸ்புளோரர் பயன்முறையை அனுமதித்து, டிவிஆரின் முகவரியைப் பட்டியலில் சேர்த்து, அந்தப் பக்கத்தை அந்தப் பயன்முறையில் திறங்கள். அப்படிச் சேர்த்த முகவரி 30 நாட்களில் காலாவதியாகும் என்பதால், அடுத்த முறை ஊருக்கு வரும்போது மீண்டும் சேர்க்க வேண்டியிருக்கும்.

ஆனால் அதற்கு முன் பெட்டியின் பின்புறத்தை ஒரு முறை பாருங்கள். சென்ற தை மாதம் காரைக்குடியில் ஒரு உறவினர் வீட்டில், இதே தொல்லையோடு இரண்டு நாள் போராடிய பிறகுதான், பட்டாலையை ஒட்டிய அறையில் பெட்டகத்தின் மேல் தூசியோடு கிடந்த டிவிஆரைத் திருப்பிப் பார்த்தோம். பின்னால் மானிட்டருக்கான விஜிஏ துளை ஒன்றும், மௌஸுக்கான யுஎஸ்பி துளை ஒன்றும் இருந்தன. பழைய மானிட்டர் ஒன்றையும் மௌஸையும் செருகினோம். ஐந்து நிமிடத்தில் ஆத்தங்குடிக் கல் பதித்த தரையும், வளவுத் தூண்களும், குறுக்கே போன பூனையும் திரையில் தெளிவாக வந்துவிட்டன. வீட்டுக்குள் இருந்து பார்ப்பதற்குப் பிரவுசரே தேவையில்லை.

கேள்வி (சிங்கப்பூரில் வாழும் புதுவயல் வாசகி): ஊரில் வீட்டைப் பார்த்துக்கொள்பவர் தனியாக இருக்கிறார். பழைய டிவிஆரை இங்கிருந்தே பார்ப்பதற்கு, ரவுட்டரில் போர்ட்டை (இணையத்திலிருந்து உள்ளே நுழையும் வாசலை) திறந்துவிடலாம் என்று தொழில்நுட்பர் சொல்கிறார். செய்யட்டுமா?

பதில்: கூடாது அம்மா. இதை மிகுந்த அழுத்தத்துடன் சொல்கிறேன். 2016-இல் மிராய் என்னும் தீநிரல், தொழிற்சாலையில் வைத்த பாஸ்வேர்டை மாற்றாத கேமராக்களையும் டிவிஆர்களையும் இணையத்தில் தேடிப் பிடித்துத் தன் படையாக்கிக்கொண்டது. அந்த ஆண்டு அக்டோபரில் அவற்றை ஏவியே பல பெரிய இணையதளங்களை முடக்கினார்கள். போர்ட்டைத் திறந்தால், உங்கள் வீட்டுக்குள் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்பதை அந்நியரும் பார்க்க இடம் கொடுத்ததாகிவிடும். வயர்கார்டு போன்ற விபிஎன் (வெளியிலிருந்து வீட்டு நெட்வொர்க்குக்குள் வரும் மறைவான பாதை) வசதியுள்ள புதிய ரவுட்டர் ஒன்றை ஊரில் வைக்கச் சொல்லுங்கள். உங்கள் கைபேசி முதலில் அந்த விபிஎன் வழியாக வீட்டு நெட்வொர்க்குக்குள் நுழையும்; டிவிஆர் இணையத்துக்கு முகம் காட்டாமலே இருக்கும். முன்பே யாராவது போர்ட்டைத் திறந்து வைத்திருக்கிறார்களா என்பதையும், கருவிகள் தாமாகவே போர்ட்டைத் திறக்க விடும் யுபிஎன்பி வசதி அணைக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் அதே வேளையில் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி (பள்ளத்தூர் வாசகர்): ரவுட்டரின் முகவரியைக் கைபேசியில் தட்டினால் பக்கம் வரவில்லை. பக்கத்து வீட்டாரின் பழைய கணினியில் வருகிறது.

பதில்: புதிய பிரவுசர்கள் சில வேளைகளில் தாமாகவே, செய்திகளை மறைத்து அனுப்பும் எச்டிடிபிஎஸ் முறையை முதலில் முயல்கின்றன, பழைய ரவுட்டருக்கோ மறைக்காமல் அனுப்பும் எச்டிடிபி மட்டுமே தெரிந்திருக்கலாம். முகவரிக்கு முன்னால் எச்டிடிபி என்பதையும், முக்காற்புள்ளியையும், இரண்டு சாய்கோடுகளையும் முழுமையாகத் தட்டிப் பாருங்கள். அப்போதும் வராவிட்டால் மொபைல் டேட்டாவை அணையுங்கள், ஏனெனில் வைஃபையில் இணையம் இல்லாதபோது கைபேசி சிம் வழியாக வெளியே போய் வீட்டு முகவரியைத் தேடிக்கொண்டிருக்கும். நம் வீடுகளின் கனத்த சுவர்களைத் தாண்டி இரண்டாங்கட்டில் வைஃபை நிலையாக இருக்காது என்பதையும் நினைவில் கொண்டு, ரவுட்டர் இருக்கும் அறையிலேயே நின்று முயலுங்கள்.