கேமலில் எஸ்எம்டிபிஎஸ்ஸும் 587-ம் சேராது
வணக்கம். அப்பாச்சி கேமலில் (மென்பொருள்களை ஒன்றோடொன்று இணைக்கும் ஜாவா கருவி) மின்னஞ்சல் அனுப்ப, எஸ்எம்டிபிஎஸ் (குறியாக்கத்தோடு அஞ்சல் அனுப்பும் முறை) முகவரியோடு 587 போர்ட் கொடுத்தால் 'அன்ரெகக்னைஸ்டு எஸ்எஸ்எல் மெசேஜ்' என்று பிழை வருவதாகச் சொல்லியிருக்கிறீர்கள். பெரும்பாலும் சான்றிதழ் காரணமாக இருக்காது. சான்றிதழ்களை வைத்திருக்கும் கீஸ்டோர் கோப்பை நோண்ட வேண்டாம். 587-இல் சர்வர் முதலில் குறியாக்கம் இல்லாமல்தான் பேச ஆரம்பிக்கும், ஸ்டார்ட்டிஎல்எஸ் (குறியாக்கத்துக்கு மாறச் சொல்லும் கட்டளை) சொன்ன பிறகே பூட்டு, அதாவது குறியாக்கம். எஸ்எம்டிபிஎஸ்ஸோ எடுத்த எடுப்பிலேயே டிஎல்எஸ் குறியாக்கத்தை எதிர்பார்க்கும். போர்ட்டை 465 ஆக்கிப் பாருங்கள்.

587தான் வேண்டுமென்றால் முகவரியில் எஸ்எம்டிபிஎஸ்ஸை விட்டு எஸ்எம்டிபி-க்கு மாறி, ஸ்டார்ட்டிஎல்எஸ் எனேபிள், ரிக்கொயர்டு என்ற இரண்டு அமைப்புகளையும் ட்ரூ ஆக்குங்கள். எனேபிள் மட்டும் போட்டால், சர்வர் அந்த வசதியைத் தராதபோது அஞ்சல் சத்தமில்லாமல் பூட்டின்றியே போய்விடும்.

அப்புறம், கடவுச்சொல்லில் கூட்டல் குறி இருக்கிறதா? அப்படியே முகவரியில் எழுதாமல் 'ரா' (RAW) என்று போட்டு, கடவுச்சொல்லை அதையடுத்த அடைப்புக்குள் வையுங்கள். நான் அதிலேயே ஒரு பகல் தொலைத்தேன்.