டோக்கியோ – லாஸ் ஏஞ்சல்ஸ்: தூரம் ஒன்றுதான், போகவும் வரவும் நேரம் ஏன் மாறுகிறது?

விமான தூரம் என்பது இரண்டு விமான நிலையங்களுக்கு நடுவே பூமியின் வளைவை ஒட்டி அளக்கும் மிகக் குறுகிய பாதை. டோக்கியோவுக்கும் லாஸ் ஏஞ்சல்ஸுக்கும் அது சுமார் 8,800 கி.மீ. தட்டையான வரைபடத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டால் ஏமாந்துபோவீர்கள். பூமி உருண்டையில் இரண்டு ஊர்களுக்கும் ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள், நூல் தானாகவே வடக்குப் பக்கம் ஏறும்.

சரி, நேரம்? டோக்கியோவிலிருந்து கிழக்கே பசிபிக் கடலைத் தாண்டிப் போக ஏறக்குறைய 10 மணி நேரம், திரும்பி வர 11½ முதல் 12. காரணம், சுமார் 10 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே பாயும் ஜெட் காற்று. குளிர்காலத்தில் ஜப்பானுக்கு மேலே அது மணிக்கு 300 கி.மீ.யைக்கூடத் தாண்டும். ஆற்றில் பரிசல் விடுவது போலத்தான்: நீரோட்டத்தோடு போனால் துடுப்பைத் தொட்டால் போதும், எதிர்த்து வந்தால் தோள் கழன்றுவிடும்.

(டோக்கியோவில் சாயங்காலம் ஏறினால் அங்கே அதே நாள் காலையில் இறங்குவீர்கள்! அது தேதிக்கோட்டின் வேலை: பசிபிக் கடல் நடுவே போகும் அந்தக் கற்பனைக் கோட்டைக் கிழக்கே தாண்டினால் தேதி ஒரு நாள் பின்னால் போகும்.)

விமானத்துக்கு அடியில் பூமி சுழன்று நகர்ந்துவிடுவதால்தான் போகவும் வரவும் ஆகும் நேரத்தில் இந்த வித்தியாசம் என்று பலர் நினைப்பது தவறு. விமானமும் அதைத் தாங்கும் காற்றும் பூமியோடு சேர்ந்தேதான் சுழல்கின்றன.