‘படோசன்’ படத்து மாஸ்டர் பிள்ளையை ஒரு மும்பைத் தமிழராக எப்படிப் பார்க்கிறீர்கள்?

சிரிப்பும் வரும், கோபமும் வரும். ஆனால் கோபத்துக்குக் காரணம் பலரும் நினைப்பது இல்லை.

பார்க்காதவர்களுக்குக் கதை: 1968-இல் வந்த இந்திக் காதல் நகைச்சுவைப் படம். பக்கத்து வீட்டு பிந்துவை (சாய்ரா பானு) போலா (சுனில் தத்) காதலிக்கிறான். அவளுக்குச் சங்கீதமும் நடனமும் சொல்லித்தர வரும் தமிழர் மாஸ்டர் பிள்ளைக்கும் அவள்மேல் ஆசை. போலாவுக்குப் பாட வராது. நண்பன் வித்யாபதி (கிஷோர் குமார்) மறைந்திருந்து பாட, இவன் ஜன்னலில் நின்று வாயசைக்கிறான். பிள்ளையாக வருபவர் மெஹ்மூத். படத்தின் தயாரிப்பாளர்களில் அவரும் ஒருவர்.

பிள்ளையின் குடுமியும் இழுவை இந்தியும் என்னைப் பெரிதாகப் புண்படுத்துவதில்லை. ‘நம்பள் நிம்பள்’ என்று பேசும் சேட்டுகளைப் பார்த்து நம் படங்களில் நாமும் சிரித்தவர்கள்தானே. எனக்கு ஆறாத விஷயம் வேறு. அந்த மனிதரோடு தமிழில் நாலு வார்த்தை பேச, படத்தில் பேர் சொல்லும்படி ஒருவர்கூடக் கிடையாது. குடும்பம் இல்லை, குரு இல்லை, ஊர் இல்லை.

நிஜ பம்பாய் அப்படியா இருந்தது? மாட்டுங்காவில் 1945-லேயே ஸ்ரீ ராஜராஜேஸ்வரி பரத நாட்டிய கலா மந்திர் தொடங்கிவிட்டது. திருவிடைமருதூர் குப்பையா பிள்ளையின் வழிவந்த நட்டுவனார்கள், அதாவது பரத நாட்டிய ஆசான்கள், அங்கே தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக்கொடுத்தார்கள். தமிழ் வீட்டுப் பெண்கள் மட்டுமா, குஜராத்தி, மராத்தி வீட்டுப் பெண்களும் படித்தார்கள். 1963-இல் சண்முகானந்தா அரங்கம் திறந்தாகிவிட்டது. ஆக, நிஜமான ‘மாஸ்டர் பிள்ளைகள்’ அந்தப் படத்தை எடுத்த ஊரிலேயே மரியாதையோடு வாழ்ந்துகொண்டிருந்தார்கள். திரைக்கு வந்தது குடுமி மட்டும்.

காலத்தையும் பாருங்கள். சிவசேனை தொடங்கியது 1966. ‘லுங்கி ஹட்டாவ்’ (லுங்கியை விரட்டு) என்று தென்னிந்தியர்களுக்கு எதிராக முழக்கம் எழுந்த ஆண்டுகள் அவை. ‘யண்டுகுண்டு’ என்று நம் மொழியைக் கேலி செய்வது அதற்கு வெகுகாலம் கழித்து நான் படித்த பள்ளியிலும் இருந்தது. படம் வெறுப்பில் எடுக்கப்பட்டது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் தெருவில் அடிபடுகிற ஒருவரைத் திரையிலும் தனியாக நிறுத்தினால் அது வலிக்கும்.

இன்னொன்று. பிந்துவின் முன்னால் நின்று சொந்தக் குரலில் பாடுகிற ஆள் பிள்ளைதான்! ஏமாற்றுகிறவன் கதாநாயகன். இரண்டு தரப்பும் மோதும் ‘ஏக் சதுர் நார்’ போட்டிப் பாட்டில் பிள்ளைக்குக் குரல் கொடுத்தவர் மன்னா டே, முறையாகச் சங்கீதம் கற்றவர். கிஷோர் கற்காதவர். கதைப்படி கற்ற குரல் தோற்க வேண்டும், தோற்கிறது. ஆனாலும் மன்னா டே அதை எவ்வளவு சிரத்தையோடு பாடியிருக்கிறார் என்று கேட்டுப் பாருங்கள். அந்தக் கதாபாத்திரத்துக்குக் கிடைத்த ஒரே மரியாதை அந்தக் குரல் என்று எனக்குத் தோன்றும். பிந்துவின் நிலைமையும் சரியில்லை. அவளை ஏமாற்றியதற்குப் படம் பெரிதாக வருந்துவதில்லை.

பதின்மூன்று வருடம் கழித்து, 1981-இல், பாலசந்தர் ‘ஏக் தூஜே கே லியே’ எடுத்தார். அங்கேயும் பக்கத்து வீட்டுக் காதல்தான். ஆனால் தமிழ்ப் பையன் வாசுதான் (கமல்) கதாநாயகன். அவனுக்கு அப்பா அம்மா உண்டு, வீட்டில் தமிழ் உண்டு, இந்தி தெரியாதது அவன் குறை இல்லை. அவனுக்காகப் பாடிய எஸ்.பி. பாலசுப்ரமணியத்துக்குத் தேசிய விருதே கிடைத்தது. நம்மைத் தெரிந்தவர் எடுத்தால் வரும் வித்தியாசம் இது.

‘படோசன்’ பார்க்கலாமா என்றால், தாராளமாகப் பாருங்கள், ஆர்.டி. பர்மன் இசைக்காகவே பார்க்கலாம். வீட்டில் குழந்தைகளோடு பார்த்தால் மாட்டுங்கா நட்டுவனார்களைப் பற்றியும் சொல்லுங்கள். அப்புறம் ‘ஏக் தூஜே கே லியே’ போடலாம். அதன் முடிவு சோகமானது, ரொம்பச் சின்னக் குழந்தைகளுக்கு வேண்டாம்.