தூக்கலாமா, உருட்டலாமா?

வாசகர் கேள்வி – பதில்: பெங்களூரு வாசகர்களின் வீட்டுச் சுமைகள்

கேள்வி: 20 லிட்டர் தண்ணி கேனைத் தூக்கி டிஸ்பென்சரில் கவிழ்க்கும்போதெல்லாம் இடுப்பில் சுருக்கென்கிறது. தூக்கும் முறை தவறா, தூக்கவே கூடாதா?
– வாசகி, முருகேஷ்பாளையா

பதில்: கேனோடு சேர்த்து அது சுமார் 21 கிலோ. எடையைவிட, அதை உடம்பிலிருந்து எவ்வளவு தள்ளிப் பிடிக்கிறீர்கள் என்பதுதான் இடுப்பைப் படுத்துகிறது. முதுகுத் தசைகள் முதுகெலும்பிலிருந்து 5 செ.மீ. அளவே தள்ளி நின்று இழுக்கின்றன. கேன் 50 செ.மீ. முன்னால் இருந்தால் அந்த 21 கிலோவைத் தாங்க தசை 210 கிலோ அளவுக்கு இழுத்தாக வேண்டும். சீசா பலகையில் குட்டைப் பக்கம் உட்கார்ந்தவர் படும் பாடுதான். வயிற்றோடு அணைத்து 25 செ.மீ.க்குக் கொண்டுவந்தால் இது பாதியாகக் குறையும். குனிந்து தூக்கினால் மேலுடம்பின் எடையும் இதோடு சேரும்.

பிரிட்டனின் வேலையிடப் பாதுகாப்பு அமைப்பு பெண்களுக்குச் சொல்லும் வழிகாட்டு அளவு இது: இடுப்பளவு உயரத்தில் உடம்போடு ஒட்டி 16 கிலோ, தரை மட்டத்தில் ஒட்டி 7, அதே தரை மட்டத்தில் கை நீட்டி வெறும் 3. ஆண்களுக்கு 25, 10, 5. ஆக, தரையிலிருக்கும் கேன் ஆண்களுக்கே அளவு மீறியதுதான். 'வீட்டுக்காரர் வந்து கவிழ்க்கட்டும்' என்று விட்டால் வலி இடம் மாறும், அவ்வளவுதான்.

எனவே கவிழ்ப்பதையே விட்டுவிடுங்கள். கேன் வாயில் மாட்டினால் தண்ணீரை மேலே இழுத்துத் தரும் சார்ஜ் பம்ப் கடைகளில் கிடைக்கிறது. குழாய் கேனின் அடிவரை எட்டுகிறதா என்று பார்த்து வாங்குங்கள். வாரம் ஒருமுறை கழற்றி அலசாவிட்டால் உட்புறம் வழவழவென்று படியும். கேன் போடும் பையனிடம் வாசலில் வைக்காமல் பம்ப் இருக்கும் மூலையிலேயே வைக்கச் சொல்லுங்கள்.

தூக்கியே தீர வேண்டிய நாளில் முதலில் கேனைத் துடையுங்கள். ஈரக் கேன் வழுக்கும், வழுக்கியதைப் பிடிக்கப் பாயும்போதுதான் பலருக்குச் சுளுக்கு. கேனுக்குப் பக்கத்தில் ஒரு முழங்காலை ஊன்றி, கேனைச் சாய்த்து அடியில் ஒரு கை, கழுத்தில் ஒரு கை கொடுங்கள். மற்ற தொடைமேல் இழுத்து வைத்து ஒரு மூச்சு. பிறகு நெஞ்சோடு அணைத்து, மூச்சை விட்டபடி காலால் எழுந்திருங்கள். தம் கட்டாதீர்கள். மேடைப் பக்கம் திரும்ப இடுப்பை முறுக்காமல் பாதங்களை நகர்த்துங்கள். தடுக்கிவிடும் கால்மிதியை முன்பே எடுத்துவிடுங்கள்.

கேள்வி: எங்கள் தெருவில் காவேரித் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் விடியற்காலையில் வரும். எழுந்த கையோடு 20 குடம் பிடித்து டிரம்மில் ஊற்றுவேன். போன வாரம் இடுப்பு பிடித்துக்கொண்டது. படுத்தே இருக்கச் சொல்கிறார்கள்.
– வாசகி, ஸ்ரீராமபுரம்

பதில்: 'எழுந்த கையோடு' என்பதில்தான் கோளாறு. இரவெல்லாம் படுத்திருக்கும்போது முதுகெலும்புகளுக்கு நடுவிலுள்ள டிஸ்க்குகள் நீரை இழுத்து உப்புகின்றன. காலையில் நாம் ஒன்றிரண்டு செ.மீ. உயரமாக இருப்பது இதனால்தான். அந்த நிலையில் குனிந்தால் டிஸ்க்கின் மேல் விழும் அழுத்தம் அதிகம். முதல் ஒரு மணி நேரம் மோசமானது. அரைமணி முன்னதாக எழுந்து காபி போட்டுக் குடித்து நடமாடிவிட்டுக் குடத்தைத் தொடுங்கள்.

குடத்தை இடுப்பில் ஏந்துவது, சுமை உடம்போடு ஒட்டுவதால், நல்ல பழக்கம்தான். ஆனால் எப்போதும் ஒரே இடுப்பு வேண்டாம். பக்கெட் என்றால் ஒரு கையில் நிறை பக்கெட்டைவிட இரு கையிலும் அரை அரை பக்கெட் மேல். எல்லாவற்றையும்விட, ஹோஸ் பைப் எட்டும் இடத்தில் டிரம்மை வைத்துவிட்டு அப்புறம் நிரப்புவது நல்லது. 200 லிட்டர் டிரம் நிறைந்தால் 200 கிலோ, அதை யாரும் நகர்த்தப் பார்க்கக் கூடாது.

படுக்கை ஓரிரு நாளுக்குமேல் வேண்டாம், வலி தாங்கும் அளவுக்கு நடமாடினால்தான் சீக்கிரம் சரியாகும். ஆனால் கால் வலுவிழந்தாலோ, தொடை இடுக்கில் மரத்துப்போனாலோ, சிறுநீர் வராமல் நின்றாலோ அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

கேள்வி: இடுப்பு பெல்ட் கட்டிக்கொண்டு தூக்கினால் பயமில்லையா?
– வாசகர், அல்சூர்

பதில்: அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நையாஷ் 1994இல் இதை ஆராய்ந்துவிட்டு, ஆரோக்கியமானவர்களுக்கு பெல்ட் காயத்தைத் தடுக்கும் என்பதற்குப் போதிய ஆதாரமில்லை என்றது. பெல்ட் தரும் துணிச்சலில் இன்னும் 5 கிலோ கூட்டித் தூக்குவதுதான் மிச்சம்.

கேள்வி: இரண்டாம் மாடி, லிஃப்ட் இல்லை, வெளியே இரும்புச் சுழல் படி. அரிசி மூட்டை, சிலிண்டர் எல்லாம் எப்படி ஏற்றுவது?
– வாசகர், விவேக் நகர்

பதில்: 25 கிலோ வரையிலான பாக்கெட் அரிசிக்கு 2022 ஜூலையில் 5 சதவீத ஜி.எஸ்.டி. வந்ததும் மில்காரர்கள் 26 கிலோ பைக்கு மாறினார்கள். அந்த ஒரு கிலோவையும் சுமப்பது நம் தோள். கடையிலேயே மூன்று துணிப்பையாகப் பிரித்து வாங்கி, மூன்று நடையாக ஏற்றுங்கள். ஒரு கை எப்போதும் கைப்பிடியில் இருக்க வேண்டும். சுழல் படியின் உள்பக்கம் குறுகலாக இருக்கும், மழை நாளில் கேட்கவே வேண்டாம். முழு மூட்டைதான் என்றால், ஸ்கூட்டரின் கால்பலகையிலிருந்து நேரே தோளுக்கு ஏற்றாமல், இருவராகச் சீட்டின்மேல் ஏற்றி அங்கிருந்து தோளில் வாங்குங்கள்.

வீட்டு சிலிண்டரில் கேஸ் 14.2 கிலோ, இரும்பு 15–16 கிலோ, ஆக மொத்தம் 30. காலி எடை சிலிண்டரிலேயே குறித்திருக்கும். அதைக் கொண்டுவருபவரே சமையலறை வரை வைக்கட்டும். உள்ளே நகர்த்த, மேல்வளையத்தைப் பிடித்துச் சற்றே சாய்த்து அடிவளையத்தின்மேல் சுழற்றிப் போங்கள். படுக்கவைத்து உருட்டாதீர்கள்.

கேள்வி: மாமியாருக்கு 74 வயது. பாத்ரூமில் வழுக்கி உட்கார்ந்துவிட்டார். அக்குளில் கைகொடுத்துத் தூக்கினோம், தோள் வலி என்கிறார். எப்படித் தூக்கியிருக்க வேண்டும்?
– வாசகி, ஆஸ்டின் டவுன்

பதில்: தூக்கியிருக்கவே வேண்டாம். அக்குளில் இழுத்தால் அவர் தோள் மூட்டு போகும், ஈரத் தரையில் நீங்களும் சேர்ந்து விழுவீர்கள். அந்தத் தோள் வலியை எலும்பு டாக்டரிடம் காட்டுங்கள்.

விழுந்ததும் முதலில் பேச்சுக் கொடுங்கள். இடுப்பில் கடும் வலி, ஒரு கால் குட்டையாகிப் பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருப்பது, இவை இடுப்பெலும்பு முறிவின் அடையாளம். அசைக்காமல் போர்த்திவிட்டு 108ஐக் கூப்பிடுங்கள். தலையில் அடிபட்டு, அவர் ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை சாப்பிடுபவரானால், நன்றாக இருப்பதுபோல் தெரிந்தாலும் ஆஸ்பத்திரிதான்.

அடி ஒன்றுமில்லையென்றால், அவரை ஒருக்களிக்கச் செய்து அடியில் ஜமக்காளத்தை நுழைத்து உலர்ந்த இடத்துக்கு இழுத்து வாருங்கள். பிறகு மெல்ல முட்டியும் கையும் ஊன்றி நாலு காலில் வரட்டும், முட்டிக்கடியில் தலையணை. எதிரே மர நாற்காலி வையுங்கள், பிளாஸ்டிக் நாற்காலி சறுக்கும். அதன் இருக்கையில் கைகளை ஊன்றி, வலுவான காலை முன்வைத்து அவரே எழும்போது, பின்னால் இன்னொரு நாற்காலியைத் தள்ளுவதும் இடுப்பைப் பிடித்துத் திசை காட்டுவதும் மட்டுமே உங்கள் வேலை. உட்கார்ந்ததும் நடக்க விடாதீர்கள். ஐந்து நிமிடம் கழித்துத் தலைசுற்றல் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு எழுப்புங்கள்.